கை ஓங்கும்போது பிறக்கும் உரிமை: சைக்கிளில் போகிறவர்களுக்குத் தற்காப்புச் சட்டம்

"அவன் அடிக்க வந்தால் நான் திருப்பி அடிக்கலாமா, கூடாதா?" சைக்கிளில் போகிறவர்கள் வக்கீல்களைப் பார்த்தால் முதலில் கேட்பது இதைத்தான். பதிலை ஒரே வரியில் சொல்லிவிடலாம். விழப்போகிற அடியைத் தடுக்க அடிக்கலாம். விழுந்துவிட்ட அடிக்குப் பழிவாங்க அடிக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் சில விநாடிகள்தான் இருக்கும். ஆனால் வழக்கு என்று வந்துவிட்டால் கோர்ட்டில் மாதக்கணக்கில், சில நேரம் வருஷக்கணக்கில், அந்தச் சில விநாடிகளைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். ஆகவே அவற்றைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டு சாலையில் இறங்குவது நல்லது.

கடலூர்–புதுச்சேரி சாலையை விடியற்காலையில் பார்த்தவர்களுக்கு இது யாருடைய பிரச்சினை என்று சொல்லத் தேவையில்லை. தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கமிருந்து மீன் கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு மிதிக்கிறவர்கள், ரெட்டிச்சாவடி பக்கம் அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகச் சித்தாள் வேலைக்கும் கடை வேலைக்கும் போகிறவர்கள் எல்லாரும் அந்தச் சாலையில்தான் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் அணிவகுக்கிற குழுக்களும் சேர்ந்துகொள்ளும். பின்னால் வருகிற வண்டிக்கு இவர்கள் எல்லாருமே ஒன்றுதான்: வழியை விடாமல் போகிற சைக்கிள். விடாமல் ஹாரன் அடிப்பது, உரசிக்கொண்டு போவது, ஜன்னலை இறக்கித் திட்டுவது, வண்டியைக் குறுக்கே போட்டு இறங்கி வருவது என்று அது படிப்படியாக ஏறும். 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகள், பாதசாரிகள், சைக்கிள் ஓட்டுவோர், குழந்தைகள், முதியோர் ஆகியோரிடம் தனிக் கவனம் காட்ட வேண்டும் என்று வண்டி ஓட்டுகிறவரைக் கட்டளையிடுகின்றன. சாலையில் சைக்கிளுக்கு இருப்பது யாரோ விட்டுக்கொடுத்த இடம் இல்லை என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உரிமை எங்கே எழுதியிருக்கிறது

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. தற்காப்பு உரிமை அதில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. பழைய சட்டத்தில் அது 96 முதல் 106 வரை. எண்கள் மாறினவே தவிர, உள்ளடக்கம் பெரும்பாலும் 1860ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்ததுதான். அதனால் பழைய தீர்ப்புகள் இன்றைக்கும் வழிகாட்டுகின்றன. புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம், கடலூர் தமிழ்நாடு. இருந்தாலும் இந்தச் சட்டம் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். இரண்டு ஊர்க் கோர்ட்டுகளுக்கும் மேலே இருப்பதும் அதே சென்னை உயர் நீதிமன்றம்தான்.

34ஆம் பிரிவின் சாரம் இது: தற்காப்பு உரிமையைப் பயன்படுத்திச் செய்கிற எதுவும் குற்றமே ஆகாது. குற்றம் செய்தாய், போனால் போகட்டும் என்று சட்டம் மன்னித்து விடுவதாக நினைத்துவிடக் கூடாது. அந்தச் செயல் குற்றம் என்ற கணக்கிலேயே வராது. 35ஆம் பிரிவு, இந்த உரிமை உங்கள் உடம்புக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கிறவருடைய உடம்பைக் காப்பதற்கும் உண்டு என்கிறது. கூட ஓட்டி வந்த நண்பரை ஒருவன் கழுத்தைப் பிடித்து நெரித்தால், அவனை இழுத்துத் தள்ளுகிற உங்களுக்கும் அதே பாதுகாப்புதான். முன்பின் தெரியாத பள்ளிக்கூடப் பையனுக்காக நீங்கள் குறுக்கே போய் நின்றாலும் அப்படியே. சொத்துக்கும் இந்த உரிமை உண்டு. திருட்டு, கொள்ளை, சேதம் செய்தல், அத்துமீறல் ஆகியவற்றுக்கு எதிராக அதைப் பயன்படுத்தலாம். உங்கள் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு போக ஒருவன் முயன்றால், விடாமல் பிடித்துக்கொள்வதும் இழுப்பதும் அவன் கையைத் தட்டிவிடுவதும் இதில் அடங்கும்.

குடித்துவிட்டு வந்து வம்பிழுக்கிறவனிடம் என்ன செய்வது என்ற சந்தேகம் நம்ம பக்கத்தில் அதிகம் வரும். அவன் நிதானத்தில் இல்லையே, அவன்மேல் கை வைத்தால் நமக்குத்தான் கேஸ் வருமோ என்று பலர் பயப்படுகிறார்கள். 36ஆம் பிரிவு அதற்கு நேராகவே பதில் சொல்கிறது. தாக்குகிறவர் போதையாலோ மனநிலைக் கோளாறாலோ தண்டனைக்கு உட்படாதவராக இருந்தாலும், அவருக்கு எதிராக உங்கள் தற்காப்பு உரிமை துளியும் குறையாது.

எப்போது தொடங்குகிறது

முதல் அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 40ஆம் பிரிவின்படி, தாக்க முயல்வதாலோ மிரட்டுவதாலோ ஆபத்து வரப்போகிறது என்ற நியாயமான அச்சம் எழுந்த உடனேயே உரிமை பிறந்துவிடுகிறது. அந்த அச்சம் இருக்கும்வரை உரிமையும் இருக்கும். "நியாயமான" என்பதுதான் இதில் கனமான சொல். அந்த இடத்தில், அந்த நேரத்தில், உங்கள் நிலையில் இருந்த சாதாரண மனிதர் ஒருவர் பயந்திருப்பாரா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும்.

வெறும் வாய்ப்பேச்சு போதுமா? போதாது. 130ஆம் பிரிவின் விளக்கம், சொற்கள் மட்டும் தாக்க முனைதல் ஆகாது என்கிறது. ஆனால் சொல்லோடு ஒரு செய்கை சேர்ந்துவிட்டால் நிலைமை மாறிவிடும். அதற்குச் சட்டமே உதாரணங்கள் தருகிறது. ஒருவன் முஷ்டியை ஆட்டி அடிக்கப்போவதாகக் காட்டுவது ஒன்று. கடிநாயின் வாய்க்கட்டை அவிழ்க்கத் தொடங்குவது இன்னொன்று. தடியைக் கையில் எடுத்து "உன்னை அடிக்கப்போறேன்" என்பது மூன்றாவது. மூன்றாவதில் தடியை எடுத்தது மட்டும் போதாமல் இருக்கலாம், பேசியது மட்டும் போதாமல் இருக்கலாம். இரண்டும் சேரும்போது போதும். ஆகவே காருக்குள் உட்கார்ந்தபடி அம்மா அக்காவை இழுத்துத் திட்டுகிறவன் குற்றம் செய்கிறான், அவன்மேல் புகார் கொடுக்கலாம், ஆனால் அவனைத் தொட உங்களுக்கு உரிமை இல்லை. கதவைத் திறந்து இறங்கி, கையை ஓங்கிக்கொண்டு வேகமாக உங்களை நோக்கி வரும்போது அந்த உரிமை வந்துவிடுகிறது.

ஒரு சம்பவத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம்

நோணாங்குப்பம் பாலம் தாண்டி அரியாங்குப்பம் பக்கம் நீங்கள் மிதித்துப் போவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கார் உங்களை உரசுகிற மாதிரி முந்துகிறது. அதன் பக்கவாட்டுக் கண்ணாடி உங்கள் ஹேண்டில்பாரில் படுகிறது. பதறிப்போய் நீங்கள் ஒரு சத்தம் போடுகிறீர்கள். கார் நாற்பது அடி தள்ளிக் குறுக்கே நிற்கிறது.

வண்டியைக் குறுக்கே போட்டு நீங்கள் போக முடியாதபடி மறிப்பதே குற்றம். 126ஆம் பிரிவு, வழிமறித்தல். ஒரு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த இடத்தில் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவது, ஹேண்டிலைப் பிடித்த கையை விலக்கிவிடுவது ஆகியவை உங்கள் உரிமைக்குள் இருக்கின்றன. அவன் மூக்கில் குத்துவது இல்லை.

அடுத்து அவன் சட்டைக் காலரைப் பிடிக்கிறான், மறுகை ஓங்குகிறது. இப்போது உரிமை முழுசாகத் திறந்துவிட்டது. அந்தக் கையைத் தட்டலாம், அவனைத் தள்ளலாம், பிடி விடாவிட்டால் விடுகிற அளவுக்கு அடிக்கவும் செய்யலாம். சைக்கிளையே உங்களுக்கும் அவனுக்கும் நடுவில் தூக்கிப் பிடித்துக்கொண்டால் அதைவிட நல்லது. இரண்டு சக்கரமும் அவன் பக்கம் இருக்கிற மாதிரி பிடித்துப் பின்னால் நகர்ந்தால் அவன் கை உங்கள் முகத்துக்கு எட்டாது. பார்க்கிறவர்கள் கண்ணிலும், பின்னால் நீதிபதி பார்க்கப்போகிற வீடியோவிலும், நீங்கள் தடுக்கிறவர் என்பது சந்தேகமில்லாமல் தெரியும்.

இப்போது அவன் டிக்கியைத் திறந்து இரும்பு ராடை எடுத்து வருகிறான். 38ஆம் பிரிவு இங்கே வருகிறது. உயிர் போய்விடும் என்றோ கொடுங்காயம் நேரும் என்றோ நியாயமாக அஞ்ச வைக்கிற தாக்குதலுக்கு எதிராக, தாக்குகிறவனுக்கு மரணம் நேர்ந்தாலும் தற்காப்பு உரிமை அதுவரை நீளும். ஒருவன் காரையே ஆயுதமாக்கி, ரிவர்ஸ் எடுத்து உங்கள்மேல் ஏற்ற வந்தாலும் இதே நிலைதான். கீழே கிடந்த கல்லை எடுத்து அந்த நேரத்தில் கண்ணாடியில் எறிந்தால் அது தற்காப்பு.

ராடு அவன் கையிலிருந்து நழுவி விழுகிறது. அவன் தடுமாறிக் கீழே உட்கார்ந்துவிட்டான். இந்த இடத்தில்தான் பெரும்பாலான நல்லவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பயம் கோபமாக மாறியிருக்கும், உடம்பு நடுங்கும், கை நிற்காது. அந்த ராடை நீங்கள் எடுத்து இரண்டு போட்டால், முந்தைய நிமிஷம்வரை பாதிக்கப்பட்டவராக இருந்த நீங்கள் இந்த நிமிஷம் முதல் 118ஆம் பிரிவின் குற்றவாளி ஆகலாம். ஆபத்தான ஆயுதத்தால் காயம் என்றால் மூன்று ஆண்டு வரை சிறை. அதுவே கொடுங்காயமாகிவிட்டால் குறைந்தது ஓர் ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனைவரைகூடப் போகலாம். கடும் ஆத்திரமூட்டல் என்று வாதாடித் தண்டனையைக் குறைத்துக்கொள்ள 122ஆம் பிரிவில் இடம் உண்டு. ஆனாலும் அது குற்றம்தான், தற்காப்பு அல்ல.

அவன் எழுந்து காரில் ஏறிப் போகிறான். நீங்கள் துரத்திப்போய் முதலியார்பேட்டை சிக்னலில் பிடித்து, கண்ணாடியை உடைக்கிறீர்கள். அரை மணி நேரத்துக்கு முன் அதே கல், அதே கண்ணாடி தற்காப்பாக இருந்தது. இப்போது 324ஆம் பிரிவின் சேதக் குற்றம். நடுவில் ஆபத்து தீர்ந்துவிட்டது என்பதைத் தவிர வேறொன்றும் மாறவில்லை. போலீஸின் உதவியை நாட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை கிடையாது என்று 37ஆம் பிரிவும் சொல்கிறது.

எவ்வளவு என்ற கேள்வி

அதே 37ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. இதைப் படித்துவிட்டு, அவன் ஒரு அடி அடித்தால் நானும் ஒரே ஒரு அடிதான் அடிக்கணுமா என்று சிலர் கேட்கிறார்கள். சட்டம் அப்படி எண்ணிக் கணக்குப் பார்ப்பதில்லை. உயிருக்குப் பயந்து நிற்கிறவனின் செயலைத் தங்கம் நிறுக்கிற தராசில் நிறுத்துப் பார்க்கக் கூடாது என்பது உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம். 2010ஆம் ஆண்டு தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தற்காப்புச் சட்டத்தின் கொள்கைகளைப் பத்தாகத் தொகுத்துத் தந்தது. சட்டவிரோதமான தாக்குதல் முன்னால் வந்து நிற்கும்போது, சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடிமகன் கோழையாக நடந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை என்பதையும் அதில் அழுத்திச் சொன்னது. தன்னைக் காத்துக்கொள்வது மனிதனின் இயல்பான உந்துதல் என்பதையும் ஏற்றுக்கொண்டது. அதே மூச்சில், இந்த உரிமை தடுப்பதற்கானது, தண்டிப்பதற்கோ பழிதீர்ப்பதற்கோ ஆனதல்ல என்றும் கோடு கிழித்தது. சைக்கிளில் போகிற ஒவ்வொருவரும் இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும் என்பது என் விருப்பம். முதலாவதை மட்டும் பிடித்துக்கொள்கிறவர் ஜெயிலுக்குப் போகிறார். இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொள்கிறவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்.

இரண்டு பேரும் மனமொத்து மோதிக்கொண்டால் தற்காப்பு என்ற பேச்சே கிடையாது. "வாடா பார்க்கலாம்" என்று சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, மணிக்கட்டிலிருந்து வாட்சைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு நீங்கள் எதிர்கொண்டால், நீதிமன்றம் அதைப் பரஸ்பர மோதலாகப் பார்க்கும். அவரவர் செய்ததற்கு அவரவர் பொறுப்பு. சண்டையை ஆரம்பித்தவரும் தற்காப்பு கேட்க முடியாது. முந்திய காரை எட்டி உதைத்துவிட்டு, கார்க்காரன் இறங்கி வந்ததும் "நான் பயந்துபோனேன்" என்றால் எடுபடுவது கஷ்டம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் காரைத் தொடாதீர்கள் என்று நான் கெஞ்சாத குறையாகச் சொல்வது இதனால்தான்.

வெறுங்கையும் ஆயுதம்தான்

சாலைத் தகராறு எங்கே போய் முடியும் என்பதற்கு நாடறிந்த வழக்கு ஒன்று உண்டு. 1988 டிசம்பர் 27 அன்று பஞ்சாபின் பாட்டியாலாவில், வண்டி நிறுத்தியது தொடர்பான வாக்குவாதத்தில், கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து 65 வயது முதியவர் ஒருவரைக் கையால் அடித்தார். அந்த முதியவர் இறந்துபோனார். வழக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் சாதாரணக் காயம் விளைவித்ததாக மட்டும் கொண்டு 1,000 ரூபாய் அபராதம் விதித்தது. இறந்தவரின் குடும்பம் விடவில்லை. மறுஆய்வு மனுவில், 2022 மே 19 அன்று, ஓராண்டு கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. குத்துச்சண்டை வீரரோ மல்யுத்த வீரரோ கிரிக்கெட் வீரரோ, நல்ல உடற்கட்டுள்ள ஒருவர் அடித்தால் கையே ஆயுதமாகலாம் என்று நீதிமன்றம் அதில் சொன்னது. உங்களைத் தாக்கும் திடகாத்திரமான ஆளிடம் ஆயுதம் இல்லையே, நீங்கள் ஏன் அவ்வளவு பயந்தீர்கள் என்று யாராவது கேட்டால் இந்தப் பார்வை உங்களுக்குத் துணை நிற்கும். தினம் ஐம்பது கிலோமீட்டர் மிதித்து உரமேறிய இளைஞர் ஒரு வயதானவரைக் குத்தினால், அதுவே எதிராகவும் நிற்கும்.

காயத்தின் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். எலும்பு முறிந்தாலோ பல் உடைந்தாலோ அது கொடுங்காயம். சைக்கிளிலிருந்து தள்ளிவிடப்பட்டவர்களுக்கு முதலில் முறிவது பெரும்பாலும் காரை எலும்புதான். கையை ஊன்றியோ தோள்பட்டை அடிபடவோ விழுவதால் அப்படி ஆகிறது. வெளியே ரத்தம் வராது, தோள் கொஞ்சம் இறங்கித் தெரியும், அவ்வளவுதான். எக்ஸ்ரேயில் அது வந்துவிட்டால் வழக்கு ஓராண்டு தண்டனைக்குரிய 115ஆம் பிரிவிலிருந்து ஏழாண்டுவரை தண்டனைக்குரிய 117ஆம் பிரிவுக்கு மாறும். பதினைந்து நாள் கடும் வலியில் இருந்தாலோ வழக்கமான வேலையைப் பார்க்க முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயம். பழைய சட்டத்தில் இது இருபது நாள். மீன் விற்கப் போக முடியாத பதினைந்து நாளுக்கு டாக்டரிடம் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பையில் எதையாவது வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: கத்தி வேண்டவே வேண்டாம். தற்காப்புக்கென்று கத்தியோடு கிளம்பியவர் என்பதே உங்கள் கதையைப் பாதி கெடுத்துவிடும். இரும்புச் சங்கிலிப் பூட்டு சைக்கிளில் இருப்பது இயல்பு. அதைச் சுழற்றித் தலையில் அடித்தால் ஆபத்தான ஆயுதம் என்றுதான் எழுதுவார்கள். மிளகு ஸ்பிரே கடைகளில் கிடைக்கிறது, பெண்கள் பலர் வைத்திருக்கிறார்கள், உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்து என்றால் தயங்காமல் பயன்படுத்தலாம். ஆனால் அதற்குக் கேஸே வராது என்று நினைக்க வேண்டாம். 2024இல் கர்நாடக உயர் நீதிமன்றம், உயிருக்கு ஆபத்து இல்லாத தகராறு ஒன்றில் மிளகு ஸ்பிரே அடித்தவர்கள்மீதான வழக்கை ரத்து செய்ய மறுத்து, அது ஆபத்தான ஆயுதமாகக் கருதப்படலாம் என்றது. ஒரு விசிலும், உடனே கைக்கு எட்டுகிற போனும் பல நேரத்தில் அதைவிட நன்றாகக் காப்பாற்றும். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே ஓங்கின கை பாதி இறங்கிவிடும்.

சம்பவத்துக்குப் பிறகு வருகிற காகிதங்கள்

தற்காப்புக்காகத்தான் செய்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு, அப்படிச் சொல்கிறவருடையது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியமின் 108ஆம் பிரிவு அப்படி வைத்திருக்கிறது. போலீஸ் தரப்பைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அந்த வாய்ப்பைக் காட்டுவதற்கு முதல் நாள் காகிதங்களைவிடப் பலமானது வேறு கிடையாது.

முதலில் ஆஸ்பத்திரி. சின்ன அடிதான் என்று வீட்டுக்குப் போய் மஞ்சள் பத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். அரசு மருத்துவமனையில் தாக்குதல் என்று சொன்னால் டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். நம்ம பக்கம் எல்லாரும் ஏ.ஆர். காப்பி என்பது இதைத்தான். எத்தனை பேர், எதனால், எங்கே, எத்தனை மணிக்குத் தாக்கியதாகச் சொல்கிறார் என்று அதில் ஒரு வரி இருக்கும். வக்கீல்கள் முதலில் புரட்டுவது அந்த வரியைத்தான். "தெரியாத ஒரு நபர் இரும்பு ராடால்" என்று நீங்கள் சொன்னது அதில் "ஒரு நபர் கையால்" என்று விழுந்துவிட்டால், பின்னால் ராடைப் பற்றி என்ன பேசினாலும் குறுக்கு விசாரணையில் அதைக் காட்டியே மடக்குவார்கள். வலியில் இருந்தாலும் டாக்டரிடம் நிதானமாக, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டால் சம்பவமே இல்லாமல் போய்விடும்.

அப்புறம் போலீஸ். அவசரத்துக்கு 112. புகாரில் என்ன எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து வழக்கின் தன்மையே மாறும். கையால் அடித்தார் என்று மட்டும் இருந்தால் 115ஆம் பிரிவு வரும். மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் தானாகப் புலனாய்வு செய்ய முடியாத குற்றம் அது. வழிமறித்ததோ வேகமாகவும் அலட்சியமாகவும் ஓட்டியதோ நடந்திருந்தால் 126, 281 ஆகிய பிரிவுகள் சேரும். அவை போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றங்கள். அப்படி ஒன்று சேர்ந்துவிட்டாலே முழு வழக்கையும் அவர்கள் புலனாய்வு செய்யலாம். பேப்பரில் நாம் தினமும் படிக்கிற "ஆபாசமாகத் திட்டி, தாக்கி, கொலை மிரட்டல் விடுத்தார்" என்ற வாக்கியம் மூன்று பிரிவுகளின் சுருக்கம்தான்: முன்பு 294, 323, 506, இன்று 296, 115, 351. நடக்காததை அந்த வாக்கியத்துக்காகச் சேர்க்காதீர்கள். நடந்ததை விட்டுவிடவும் செய்யாதீர்கள். வண்டி எண்ணும் நேரமும் மறித்த இடமும் கட்டாயம் இருக்கட்டும்.

நீங்கள் அவனைத் தள்ளியிருந்தால், அடித்திருந்தால், அதை மறைத்து எழுதுவது ஆபத்து. அவன் உடம்பிலும் காயம் இருக்கும், அவனும் ஏ.ஆர். காப்பி வாங்கியிருப்பான். "கழுத்தைப் பிடித்து நெரித்ததால் விடுவித்துக்கொள்ளத் தள்ளினேன்" என்று முதல் புகாரிலேயே இருந்தால் அது உங்களுக்குக் கவசம். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் ஜோடித்த கதை என்பார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் போனிலாவது படித்துக் காட்டுவது நல்லது.

எல்லை விஷயம் நம்ம பக்கத்துக்கே உரிய தலைவலி. முத்தியால்பேட்டையிலிருந்து காலாப்பட்டுக்கு மிதித்தால் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, மறுபடி புதுச்சேரிக்குள் வருவீர்கள். தெற்கே பாகூர் பக்கம் வயலுக்கு வயல் மாநிலம் மாறும். அடிபட்டவரை "இது எங்க லிமிட் இல்ல" என்று அலைக்கழிக்க இனி சட்டத்தில் இடமில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். அதை ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள், பதிந்துவிட்டு உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை. கன்னியக்கோயில் தாண்டி முள்ளோடையில் அடிபட்ட கடலூர்க்காரர் ரெட்டிச்சாவடி நிலையத்துக்குள் ஏறியே புகார் கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். தமிழ்நாட்டு நிலையங்களில் எஃப்.ஐ.ஆர். போடாமல் புகார் வந்ததற்கு அத்தாட்சியாகச் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தருவது வழக்கம். அதையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், ஆனால் அது எஃப்.ஐ.ஆர். அல்ல.

வீடியோ இருந்தால் வாட்ஸ்அப்பில் பரப்பிவிட்டுப் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள். சாட்சிய அதினியமின் 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சாட்சியத்தோடு சான்றிதழ் ஒன்று தர வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும், அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டுகிற கைரேகை போன்ற குறியீடும், கேட்கப்படும். அசல் கோப்பும் எடுத்த போனும் இருந்தால் அது சுலபம். பக்கத்துக் கடை சி.சி.டி.வி. சில நாளில் தானாக அழிந்து புதுசு பதிவாகிவிடும். ஆகவே அன்றைக்கே கடைக்காரரிடம் கேளுங்கள், புகாரிலும் அந்தக் கேமராவைக் குறிப்பிடுங்கள்.

எதிர்த் தரப்பும் உங்கள்மேல் புகார் கொடுக்கும் என்று எதிர்பார்த்தே இருங்கள். கேஸ், கவுண்டர் கேஸ் என்பது இங்கே வாடிக்கை. எதிர் வழக்கு வந்துவிட்டது என்பதற்காக மனம் தளர்ந்து ராஜிக்குக் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. ஒரு சம்பவத்தில் இரண்டு தரப்பும் புகார் கொடுத்தால் இரண்டையும் சேர்த்து விசாரித்து, யார் ஆரம்பித்தது என்று கண்டுபிடிப்பது புலனாய்வு அதிகாரியின் கடமை. ராஜி ஆவது தவறில்லை. சாதாரணக் காய வழக்கில் சட்டமே அதை அனுமதிக்கிறது. அது உங்கள் விருப்பமாக இருக்க வேண்டும், ஸ்டேஷன் பெஞ்சில் ராத்திரி பதினோரு மணிக்கு வந்த களைப்பாக இருக்கக் கூடாது. எழுதித் தருவதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்பது மீன் கூடைக்காரருக்கும் கட்டட வேலைக்காரருக்கும் உண்மையான தடை. 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்கீழ் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீல் உண்டு. புகார் கொடுத்தவருக்கு மட்டுமல்ல, தற்காத்துக்கொண்டதற்காகக் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவருக்கும் உண்டு. கடலூரிலும் புதுச்சேரியிலும் நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழிகாட்டுவார்கள். சாதாரணக் காயம், வழிமறித்தல் போன்ற ஓராண்டுவரை தண்டனை உள்ள குற்றங்களை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள ஓராண்டுதான் கெடு. அது சம்பவ நாளிலிருந்து எண்ணப்படும். தாக்கியவர் யாரென்றே தெரியாதிருந்தால், தெரிந்த நாளிலிருந்து எண்ணுவார்கள்.